இருபதாவது பிரசவம்

எல்லாரும் நல்லா இருக்கீங்களா? முட்டி வலி, சக்கரைல்லாம் கம்மியாச்சா? மாத்திரைய மறக்காம போடுங்க. இன்னிக்கி மீனாம்பா சமாச்சாரம் சொல்றேன்.

ஆற்காட்டுப் பக்கம் வெள்ளைக்காரங்க வச்சிருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரி. வருசம் ஆயிரத்தி தொள்ளாயிரத்தி இருபத்தஞ்சு. மீனாம்பா அங்க நர்ஸுக்குப் படிக்கிறா. இருபது பிரசவம் தன் கையால பாத்து, ஒவ்வொண்ணுக்கும் புக்குல பெரிய நர்ஸம்மா, வெள்ளைக்கார துரைசானி கையெழுத்து வாங்கினாத்தான் பரீட்சைக்கு உடுவாங்க. பத்தொம்போது முடிஞ்சிடுச்சு. பரீட்சை திங்கக்கெழம.

சனிக்கெழம காலைல மேல்விஷாரத்துலருந்து ஜட்கா வண்டி வந்துச்சு. தோல் பதனிடுற டேனரி மொதலாளி நிசார் அஹமது சம்சாரம் அக்தரி பேகத்துக்கு வலி. துரைசானி டீ குடிச்சிக்கிட்டே, "நீ முன்னால போ, நான் வரேன்"னா.

போனா, புள்ளைக்குக் கால் முன்னாடி வருது. மீனாம்பா கையக் கழுவிக்கிட்டு கட்டிலண்ட ஒக்காந்தா. அக்தரி வலி பொறுக்காம, "எதனா பேசும்மா. உங்கப்பா இன்னா பண்றாரு?"ன்னா.

இவ பெருமையா வாயத் தொறந்தா பாருங்க. "உங்க டேனரிதாம்மா! சுண்ணாம்புத் தொட்டில தோல் அலசுறாரே, சாமிநாதன், அவரு பொண்ணு."

பக்கத்துல நின்ன மாமியார் முனவ்வர் பேகத்துக்கு மூஞ்சி செத்துப்போச்சு.

புள்ள நீலம் பாரிச்சி வந்துச்சு. மீனாம்பா வாயோட வாய் வச்சி ஊதினா. வீல்னு கத்துனான், ஆம்பளப் புள்ள.

அப்பறமாத்தான் துரைசானி வந்தா. நாற்காலி போட்டாங்க, சர்பத் குடுத்தாங்க. புக்கத் தொறந்து, "யாரு எடுத்தது?"ன்னா. துரைசானி ஏப்ரன்ல ஒரு பொட்டு ரத்தம் இல்ல, மீனாம்பாவோடது பூரா ரத்தம், அதுலயே தெரியல?

"நீங்கதான்"னா முனவ்வர் பேகம். "தோல்காரன் பொண்ணு எடுத்தான்னு ஊர்ல சொல்ல முடியுமா?"

"நீங்க சொல்லுங்கம்மா"ன்னா மீனாம்பா, அக்தரியப் பாத்து.

அக்தரி முக்காட்ட இழுத்து மூஞ்சிய மூடிக்கினா. "துரைசானிதான்."

துரைசானி சிரிச்சிக்கிட்டே, எடுத்தவங்கன்ற எடத்துல தன் பேர எழுதினா. "அவங்க ஆசை. நீ அடுத்த வருசம் எழுது."

அடுத்த வருசம் அந்த ஆஸ்பத்திரில நர்ஸு படிப்பையே எடுத்துட்டாங்க. மீனாம்பா கடைசி வரைக்கும் அங்க நோயாளிங்க வாந்தி எடுக்குற பேஷன் கழுவினா. அன்னிக்கி சாயந்தரமும் ரெண்டு ஏப்ரன தொவைக்கக் குடுத்தாங்களாம். தன்னோடத ரத்தம் போக கசக்கிட்டு, அழுக்கே இல்லாத துரைசானியோடதையும் தொவைச்சிக் காயப் போட்டா.

உங்க குடும்பத்துல நர்ஸு வேல பாத்தவங்க இருந்தா எழுதுங்கம்மா. பேர் போட்டு எழுதுங்க.