வெள்ளைக்கரு மட்டும்

"உங்கம்மா மஞ்சக்கருவ எல்லாம் எங்க பாப்பா ஒளிச்சு வெக்கிறாங்க?" என்று அப்பாவோடு வேலை செய்யும் டூலி என்னிடம் கேட்டார்.

சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் சிரித்தார்கள். நான் காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டேன். பள்ளிக்கூடத்தை விட்டு அம்மாவுக்கு உதவியாக வந்ததிலிருந்து அந்த மேஜையில் யாருக்கும் நான் பதில் சொன்னதில்லை.

"நாய்க்குப் போடுறா," என்றார் அப்பா, எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டு. "நாயெல்லாம் பாரு, பளபளன்னு இருக்கு. நாமதான் வத்திப்போய்க் கெடக்கோம்."

அது உண்மைதான். டார்லிங் ஆற்றுக்கு மேற்கே, ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகை ஒன்றில் தங்கியிருந்தோம். அப்பா கத்தரிப்பவர்களில் ஒருவர், அம்மா சமையல்காரி. நாள் முழுக்கக் குனிந்து, திமிறும் ஆட்டைக் கால்களுக்கு நடுவே இடுக்கிப் பிடித்துக் கத்தரிக்கிற வேலை. காலையில் கொழுப்போடு பொரித்த ஆட்டுத் துண்டங்களும் முட்டையும், ராத்திரி மறுபடி ஆட்டுக்கறியும் இல்லாமல் அவர்களால் முடியாது. அப்படித்தான் அம்மாவும் சமைத்துவந்தாள்.

போன குளிர்காலத்தில் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து அடைத்திருக்கிறது என்றார் டாக்டர். கொடுத்த மாத்திரையில் தொடை இரண்டும் பிடித்துக்கொண்டன. ஆட்டை நிறுத்திப் பிடிக்க முடியவில்லை என்று அப்பா அதைத் தூக்கி எறிந்தார்; அம்மா பொறுக்கி எடுத்து வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு முறை சொல்ல இருந்த பெண், இப்படி உழைக்கிற உடம்புக்குப் புரதம் நிறைய வேண்டும், குறைத்தால் தசை கரைந்துவிடும் என்றாள். ஆனால் மஞ்சள்கரு, ஈரல், சிறுநீரகம், கொழுப்பு எதுவும் கூடாது. அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, "நம்ம ஊரு ஆட்டுல கொழுப்ப எடுத்துட்டா கம்பளிதான் மிஞ்சும்," என்றாள்.

அப்பாவுக்கு மட்டும் தனியாகச் சமைக்க வழியில்லை. "எனக்குத் தனித் தட்டு வெச்சியானா அன்னிக்கே எல்லாருக்கும் தெரிஞ்சுரும். கார்மடி என்னைய நிறுத்திருவான்," என்றார். கார்மடிதான் ஆள் சேர்க்கும் ஒப்பந்தக்காரர். நோயாளியை அவர் வேலைக்கு வைக்க மாட்டார். அதனால் எல்லோருமே அப்பாவின் சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். வெள்ளைக்கரு, தோல் உரித்த கோழி, டப்பா மீன், பீன்ஸ், சுற்றிலும் கொழுப்பைச் சீவி விரல் அளவுக்கு வந்துவிட்ட ஆட்டுத்துண்டு.

அப்படியும் அப்பா இளைத்துக்கொண்டே போனார். மத்தியானத்துக்கு மேல் கை நடுங்கியது. கறியைக் கூட்டினால் அடைப்புக்குப் பயம், குறைத்தால் ஆள் கரைகிறார். இரண்டுக்கும் நடுவே ஓர் அளவு இருக்கிறது என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். அம்மா தினமும் தராசும் கத்தியுமாக அதைத் தேடினாள்.

கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. சமையல்காரி வேண்டுமா வேண்டாமா என்பதைச் சாப்பிடுகிறவர்கள் கை தூக்கித் தீர்மானிப்பார்கள். யார் வேண்டுமானாலும் ஓட்டுக் கேட்கலாம். டூலி மஞ்சள்கருவைக் கேட்ட அன்று சாயங்காலம் கார்மடியும் வந்து மேஜையின் கோடியில் உட்கார்ந்திருந்தார். கத்தரிப்பவர்களில் மூத்தவரான ஹெமி எழுந்து, சமையலறையில் இருந்த அம்மாவைப் பார்த்துப் பேசினார்.

"நோலீன், கோச்சுக்காதம்மா. நீ தங்கமானவ. ஆனா கடைசி வேளையில ஆட்டுக்கு முன்னாடி நானே விழுந்துருவேன் போலிருக்கு. பசங்க ஓட்டு கேக்குறானுங்க. வேணாங்கிறவங்க கையத் தூக்குங்கப்பா."

டூலியின் கை முதலில் உயர்ந்தது. பிறகு ஒவ்வொன்றாக எல்லாக் கைகளும். எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

"காலின், நீ தூக்காத மச்சான். வீட்டுல சோறு கெடைக்காது," என்றார் டூலி.

அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார்.

பரிமாறும் ஜன்னலுக்குப் பின்னால் அம்மா கொழுப்பைச் சீவிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"அவருக்கு நெஞ்சுல அடைப்பு. கொலஸ்ட்ரால். இத்தன நாளா நீங்க தின்னதெல்லாம் அவருக்காக ஆக்கினது. அவரு செத்தாலும் பரவால்லங்கிறவங்க இப்ப தூக்குங்க."

கைகள் இறங்கின. அப்பாவின் கை மட்டும் சற்று நேரம் மேலேயே நின்றது.

"டேய் மடையா, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்ற டூலி, தட்டை ஜன்னல் பக்கம் நீட்டினார். "நோலீன், எனக்கு இன்னும் கொஞ்சம் பீன்ஸ் போடு." பிறகு எல்லோரும் நீட்டினார்கள். யாரும் கேலி பேசவில்லை. சர்ச்சில் உட்கார்ந்திருப்பதுபோல் குனிந்து சாப்பிட்டார்கள்.

"சமையல்காரி இருக்கட்டும்," என்று முடிவைச் சொன்னார் ஹெமி. "காலின், நாளையிலேர்ந்து பெரிய கடாவெல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

அப்பா நிமிரவில்லை.

கார்மடி வாயைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு நீ வேலைக்கு எறங்க வேணாம் காலின். வேலை செய்யலாம்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா. அப்புறம் பாப்போம்." மென்மையாகத்தான் சொன்னார். எந்த டாக்டரும் அப்படி எழுதித் தர மாட்டார் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அம்மா வெளியே வந்து அப்பாவின் முன்னால் தட்டை வைத்தாள். தொடைக்கறி, சுத்தமாகச் சீவியது, பக்கத்தில் வெள்ளைக்கரு. "சாப்பிடுங்க, ஆறிடும்."

அப்பா எழுந்து கொட்டகைக்குப் போனார். கத்தரிக்கும் கருவிகள் இருந்த பெட்டியோடு திரும்பி வந்தார். படுக்கையைச் சுருட்டி வண்டியின் பின்னால் போட்டார். வெயில் இன்னும் தணியவில்லை. நாங்கள் வாசலில் நின்றோம்.

"எங்க போறீங்க? மாத்திரையாவது எடுத்துட்டுப் போங்க," என்றாள் அம்மா. "காலின்!"

கதவைச் சாத்திக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். கேட்டைத் தாண்டியதும் டாக்டர் இருக்கும் ஊருக்குப் போகும் பக்கம் திரும்பவில்லை. அவரைத் தெரியாத கொட்டகைகள் இருக்கிற பக்கம் திரும்பினார்.