வாத்துக்கு ஒரு கல்லறை

உலக இலக்கியம் எடுத்தவர்கள் அந்தப் பள்ளிக்கூடத்தில் மொத்தமே ஆறு பேர். அவர்களுக்கு வைத்த நாவலோ ஒரே ஒரு பிரதி. பனி கொட்டும் ஏதோ ஒரு தேசத்தில் எழுதப்பட்டு, ஆங்கிலத்துக்கு வந்து, தையல் விட்டுப்போய் நூலகத்தில் கிடந்தது. ஆங்கில டீச்சர் அந்த முந்நூறு பக்கத்தை ஆறு கட்டாகப் பிரித்து, ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமைதோறும் ஒருவர் எழுந்து, தன் ஐம்பது பக்கக் கதையை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அடுத்தவர் கட்டைத் தொடக்கூடாது. கதை சொல்வதற்கு ஐம்பது மதிப்பெண்.

மூன்றாம் கட்டு அக்காவுக்கு, நான்காவது தங்கைக்கு. போன வருஷம் ஆங்கிலத்தில் கோட்டை விட்டதால் அக்காவும் தங்கையின் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். சலவைக்கடை வைத்திருந்த அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். "இந்தத் தடவையும் போச்சுன்னா, வந்து இஸ்திரிப் பெட்டியைப் பிடி."

அக்கா நிஜமாகவே படிக்கத்தான் உட்கார்ந்தாள். அகராதி, பென்சில், தலையில் ஈரத்துண்டு, எல்லாம் தயார். நான்காவது பக்கத்தில் கட்டைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் வீசினாள்.

"என்னக்கா ஆச்சு?"

"தபால்காரர் செத்துட்டாருடி."

முதல் இரண்டு கட்டிலும் வந்த கிழவர் அவர். கெட்ட செய்தி உள்ள கடிதங்களைக் கொடுக்க மனசில்லாமல் பையிலேயே வைத்துக்கொண்டு அலைபவர்.

"கதைதானே? மேல படிக்கா."

"அந்த ஆள் இல்லாத ஊர்ல எனக்கென்னடி வேலை?"

வெள்ளிக்கிழமை அக்கா எழுந்து, தபால்காரருக்குக் காய்ச்சல் வந்தது என்றாள். தங்கை அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். சூடாக சூப் குடித்தார், காய்ச்சல் விட்டது என்றாள் அக்கா. பிறகு அவர் ஒரு வாத்து வாங்கினார். அது தபால் பையில் உட்கார்ந்து தெருத்தெருவாகப் போனது. நீதிபதியைக் கடித்தது. அக்காவுக்கு வர்ணிக்கத் தெரிந்த ஆங்கிலச் சொற்கள் மொத்தம் மூன்று. மூன்றையும் மாற்றி மாற்றி வாத்துக்கே போட்டாள். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்பத்தைந்து போட்டார்.

மாட்டிக்கொண்டது தங்கைதான். அவள் கட்டைத் திறந்தால், தபால்காரர் செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஊரே கறுப்பு உடுத்திக் கல்லறைக்குப் பூ கொண்டுபோனது.

"அந்தக் குழியில யாரையாவது வெச்சே ஆகணும்கா. இல்லேன்னா உன் மார்க் போயிடும்."

"யாரை வேணா வை. அவரை வைக்காத."

அடுத்த வெள்ளி தங்கை எழுந்து, வாத்து இறந்து ஒரு வருஷம் ஆகிறது என்றாள். யாரோ "ஐயோ" என்றார்கள். மேயர் கல்லறையருகே நின்று, இப்படியொரு கடமை தவறாத ஊழியர் இனிப் பிறக்கப்போவதில்லை என்று பேசினார். கோபித்துக்கொண்டு போன மகன் ரயிலேறி வந்து மண்ணில் விழுந்து அழுதான்.

"வாத்துக்கு மகனா?" என்றார் டீச்சர்.

"வளர்ப்பு மகன், டீச்சர்."

ஐந்தாம் கட்டு பீப்பாய் என்று பட்டப்பெயர் வாங்கிய பையனிடம் இருந்தது. இடைவேளையில் அவன் தங்கையை மடக்கினான்.

"ஏய், என் கட்டுல உயில் வருது. செத்தவரோட வீட்டுக்கு ஊரே அடிச்சுக்குது. இப்ப அது யாரு வீடு?"

தங்கை அக்காவைப் பார்த்தாள். அக்கா தன் செருப்பைப் பார்த்தாள். பீப்பாய் இருவரையும் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

"வாத்துக்குச் சொந்த வீடு. அதுவும் மாடி வீடு. எப்படியோ போங்க."

சொன்னபடி செய்தான். நம்பும்படி இருக்கட்டுமென்று வீட்டுக்குப் பின்னால் ஒரு குளமும் வெட்டிக் கொடுத்தான்.

ஆறாவது கட்டும் முடிந்ததும் டீச்சர் எல்லாவற்றையும் வாங்கித் தைத்தார். இரண்டு நாள் கழித்து அக்காவையும் தங்கையையும் கூப்பிட்டு அனுப்பினார்.

"முழுசாப் படிச்சேன்," என்றவரின் முகத்தில் கொஞ்சம் வெட்கம் தெரிந்தது. "இப்பதான் முதல் தடவை. வாத்து எந்தப் பக்கத்துல வருது?"

தங்கை மின்விசிறியை ஆராய்ந்தாள்.

"வரல, டீச்சர்," என்றாள் அக்கா. "நூத்தி நாலாம் பக்கத்துல அவர் செத்துட்டார். அதுக்கு மேல போக முடியல. இவ மேல தப்பில்ல, எனக்காகத்தான் சொன்னா."

டீச்சர் சிவப்பு மையால் நாற்பத்தைந்தை அடித்தார். தங்கையின் கண்முன் இஸ்திரிப் பெட்டி புகைந்தது.

"உட்கார். நூத்தி நாலுலேர்ந்து சத்தமாப் படி. முடிச்சாத்தான் மார்க்."

இரண்டாவது வரியில் அக்காவின் குரல் உடைந்தது. தங்கை புத்தகத்துக்குக் கை நீட்டினாள். டீச்சர் தலையசைத்துத் தடுத்தார். மணி அடித்தது, மறுபடி அடித்தது. வாய்க்கு வந்தபடி உச்சரித்து, மூக்கைச் சிந்திச் சிந்தி, நாற்பத்தேழு பக்கத்தையும் அக்கா படித்து முடித்தாள்.

"முப்பத்தஞ்சு," என்றார் டீச்சர். எழுதிவிட்டு, கொஞ்சம் யோசித்தார். "வாத்துக்குத் தனியா அஞ்சு."

அக்கா தேறினாள். செய்தி கேட்ட அப்பா ஒரே சட்டையை மூன்று தடவை தேய்த்தார்.

இருபத்திரண்டு வருஷம் கழித்து, ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை தனியாக நின்றிருந்தாள். உள்ளே அக்காவை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். வழுக்கை விழுந்த பீப்பாய், தொப்பையில் பொத்தான் சேராத கறுப்பு வக்கீல் கோட்டோடு மூச்சிரைக்க வந்து நின்றான். ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தான். கோட்டின் பொத்தானைப் போடப் பார்த்தான்.

"ஏய்," என்றான் கடைசியில். "உள்ள இருக்கறது வாத்துதானே? சொல்லேன்."

தங்கை புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"வாத்துதான்," என்றாள். "அதுக்கு மாடி வீடு இருக்கில்ல? பின்னால குளம் வேற."

இருவரும் சிரித்த சிரிப்பில் நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.