கை எட்டாத இடம்

கார் கழுவும் இயந்திரத்தைவிட்டு வண்டி வெளியே வந்து வெயிலில் நின்றதும் நாச்சிமுத்து பதறிப்போய் அதன் அருகே ஓடினார். வாங்கி ஆறு மாதம்கூட நிரம்பாத கறுப்பு வண்டி. அதன் பானட் முழுக்க, கதவுகள் முழுக்க, வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள். ஒன்றா இரண்டா, ஆயிரக்கணக்கில்! வெயில் பட்ட இடமெல்லாம் சிலந்தி வலை கட்டியதுபோல மின்னியது. இரண்டு எட்டு நகர்ந்து பார்த்தார். வலையும் கூடவே நகர்ந்தது.

"ஐயோ, போச்சே! என்ற வண்டி போச்சே!"

ஊட்டி ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

குன்னூர் மார்க்கெட்டில் பாத்திரக்கடை வைத்திருப்பவர் நாச்சிமுத்து. ஐம்பத்தாறு வயதில் சொந்தமாக வாங்கிய முதல் புது வண்டி இது. மெஷினில் கழுவினால் பெயின்ட் பாழாகிவிடும் என்பது அவருடைய கொள்கை. எங்கே படித்தீர்கள் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. ஆனால் கேட்காதவர்களுக்கும் சொல்லுவார். அதனால் இத்தனை நாளும் வண்டியை அவர்தான் பார்த்துக்கொண்டார். விடிந்ததும் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வெளியே வருவார், மஞ்சள் துணியால் ராத்திரிப் பனியைத் துடைத்தெடுப்பார். மனைவி சாந்தாமணி காபியை நீட்டிக்கொண்டு நிற்பாள், அது ஆறியே போய்விடும்.

இந்த வாரம் அவலாஞ்சிக்குப் போய் வந்ததில் வண்டி கண்ணாடி வரைக்கும் சேறாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூரில் கல்யாணம்.

"ஏனுங்க, இந்தச் சேத்தோட மண்டபத்துக்குப் போனா என்ற அண்ணி ஒரு வருசத்துக்குச் சொல்லிக் காட்டுவாங்க. ஒருக்கா மெஷின்ல உட்டுட்டு வாங்க" என்று சாந்தாமணி பிடிவாதமாகச் சொன்னதால்தான் வெள்ளிக்கிழமை மத்தியானம் கார் வாஷுக்கு வந்தார். வந்தேன், கெட்டேன் என்று அவர் மனம் கொதித்தது.

மெஷினை ஓட்டுகிறவள் லோயிஸ். முப்பத்தைந்து வயதிருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள். சத்தம் கேட்டு ஓடி வந்தாள்.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கறே? வண்டியவே நாசம் பண்ணிட்டியே!"

அவள் குனிந்து பார்த்தாள். "சார், இது மெஷின் போட்ட கீறலாட்டத் தெரியலீங்க. பிரஷ்ஷு பட்டா நேரா இழுத்துட்டுப் போயிருக்குமுங்க. இது வட்டமா இருக்குது. முன்னாடியே இருந்திருக்கும். உள்ள உடறதுக்கு முந்தி நல்லாத் தண்ணியடிச்சு மண்ணெல்லாம் எடுத்துட்டுத்தான் உட்டனுங்க."

"முன்னாடியே இருந்துச்சா? பெத்த புள்ளையாட்டத் தொடச்சு வெச்சிருக்கறவன் நானு. எங்கிட்டயே கத உடறியா?"

கோபத்தில் மனுஷனுக்குக் கண் மண் தெரியவில்லை. ஃபோனை எடுத்து வீடியோவை ஓடவிட்டார். கீறல்களைப் படம் பிடித்தார், அப்படியே லோயிஸ் பக்கம் திருப்பினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் சுற்றி வந்து நின்று முகத்தைப் படம் பிடித்தார். "நல்லாப் பாத்துக்குங்க. இந்தப் பொம்பளதான். வேலையுந் தெரியாது, பொய் வேற. இவகிட்ட வண்டியக் குடுத்தீங்கன்னா உங்க வண்டிக்கும் இதே கதிதான்." மார்க்கெட் வியாபாரிகளின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

சாயங்காலத்துக்குள் நாற்பது பேர் அவருக்கு ஆறுதல் சொல்லியிருந்தார்கள். கார் வாஷ் ஓனர் தீபக்கே கூப்பிட்டான். "அண்ணா, மன்னிச்சுக்குங்க. அந்தப் பொண்ண நாளையில இருந்து வர வேண்டாம்னு சொல்லிட்டனுங்க."

"நல்லதுங்க" என்றார் நாச்சிமுத்து. அன்று காபி ஆறுவதற்குள் குடித்தார்.

சாந்தாமணிதான் வீடியோவை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "அந்தப் புள்ள மூஞ்சிய எதுக்குங்க போட்டீங்க?" என்றாள்.

"பின்ன, என்ற மூஞ்சியப் போடோணுமா?"

மறுநாள் காலை வண்டியை வெலிங்டனுக்குக் கொண்டுபோனார். அங்கே பெயின்டிங் பட்டறை வைத்திருக்கும் மோசஸ் இருபது வருஷப் பழக்கம். கல்யாணத்துக்குள் பாலிஷ் போட்டு ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்க வேண்டும், கூடவே மெஷினைப் பற்றி நாலு வார்த்தை திட்ட வேண்டும். திட்டத்தான் முதலில் ஆரம்பித்தார். மோசஸ் டார்ச் அடித்து வண்டியை ஒரு சுற்று வந்தான். பிறகு ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, கூரையைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"அண்ணா, நீங்களே ஏறிப் பாருங்க."

நாச்சிமுத்து ஏறினார். கூரையின் இரண்டு ஓரத்திலும் அதே வட்ட வட்டக் கீறல்கள். ஆனால் நடுவில், முன்னாலிருந்து பின்னால் வரைக்கும், இரண்டடி அகலத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஷோரூமில் பார்த்த கறுப்பு. வாயைப் பிளந்துகொண்டு ஸ்டூலில் நிற்கிற அவருடைய முகமே அதில் தெளிவாகத் தெரிந்தது.

"நடுவுல மெஷின் பிரஷ்ஷு படலயா?" என்றார்.

"படாம எப்படிங்க? இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே பிரஷ்ஷுதான் மேல உருளுது. அது கீறியிருந்தா நடுவுலயுங் கீறியிருக்கோணும்."

"அப்பறம்?"

மோசஸ் அவர் முகத்தைப் பார்க்காமல் டார்ச்சை அணைத்தான். "காலங்காத்தால பனியத் தொடைப்பீங்களாண்ணா?"

நாச்சிமுத்து இறங்கினார். அவர் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். வண்டியோ உயரமான வண்டி. தினமும் நிற்கிற மாதிரியே பக்கவாட்டில் நின்று, குதிகாலை உயர்த்தி, கையைக் கூரைமேல் நீட்டினார். "விரல் எங்க நிக்குது?" என்று கேட்டார். மறுபடி ஸ்டூலில் ஏறிய மோசஸ், "கீறல் முடியற எடத்துலதானுங்க" என்றான். ஓடிப்போய் அந்தப் பக்கம் நின்று நீட்டினார். அங்கேயும் அப்படியேதான். நடுவில் அவர் துணி ஒருநாளும் போனதில்லை. யார் பார்க்கப்போகிறார்கள், மழை பார்த்துக்கொள்ளும் என்று ஆறு மாதமாக விட்ட இடம்.

பெற்ற பிள்ளை என்று சொல்லிச் சொல்லி, தோலை உரித்தது தன் கைதானா?

"பனி ஈரத்துல ராத்திரி பூரா ரோட்டுத் தூசி வந்து ஒட்டிக்குமுங்க" என்றான் மோசஸ். "தண்ணி ஊத்தாம மேல துணியப் போட்டு உருட்டுனா, மண்ணப் போட்டுத் தேச்ச கணக்குத்தான். இங்க பாதிப்பேரு இதத்தான் பண்றாங்க."

"அப்ப மெஷின் கீறவே கீறாதா?" கடைசியாக ஒரு பிடி கிடைக்குமா என்று பார்த்தார்.

"கீறும். பிரஷ்ஷு தேஞ்சு, அதுல மண்ணேறிக் கெடந்தா அதுவுங் கீறும். நானே பாத்திருக்கறேன். ஆனா இந்த வண்டிய அது கீறலீங்க. இத்தன நாளா மழையும் மேகமுமா இருந்துச்சு, உங்களுக்குத் தெரியல. நேத்து வண்டியும் சுத்தமாச்சு, வெயிலும் நேரா உழுந்துச்சு, தெரிஞ்சுபோச்சு. பாலிஷ் போட்டா முக்காவாசி போயிருமுங்க."

பாலிஷைப் பற்றி இப்போது யாருக்குக் கவலை! முகத்தைத் திருப்பிக்கொண்ட லோயிஸும், சுற்றி வந்து படம் பிடித்த தானும்தான் அவர் கண்ணுக்குள் நின்றார்கள். அவள் பார்த்த மாத்திரத்தில் சரியாகச் சொன்னாள். கேட்கத்தான் ஆளில்லை.

குரூப்பைத் திறந்து வீடியோவை அழித்தார். அழித்த கையோடு, கூடலூரில் இருக்கிற மைத்துனர் அதே வீடியோவை அவருக்கே அனுப்பியிருந்தது கண்ணில் பட்டது. 'மாப்ள, இது உங்க குரலாட்ட இருக்குதே?' என்று கேட்டிருந்தார். மேலே, பலமுறை அனுப்பப்பட்டது என்ற குறி. அடப்பாவி, இது எங்கெங்கே போயிருக்கிறது!

உடனே தீபக்கைக் கூப்பிட்டார். "தப்பு என் மேலதானுங்க தம்பி. அந்தப் பொண்ணத் திரும்பக் கூப்பிட்டுக்குங்க."

"எனக்கும் நல்ல ஆளுதானுங்கண்ணா அது. ஆனா வீடியோவப் பாத்தவங்க நம்போணுமே. காலையில இருந்து ஒரு வண்டி வரல. அந்தப் பொண்ண மறுபடி வேலைக்கு வெச்சா வர்றவங்களும் வர மாட்டாங்க."

லோயிஸின் வீடு அருவங்காட்டில், மேட்டுத்தெருவில் என்று தீபக் சொன்னான். நாச்சிமுத்து பாலிஷ் போடாத வண்டியை அப்படியே ஓட்டிக்கொண்டு போனார். கதவைத் திறந்த லோயிஸ் அவரைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போனாள். தன்னைப் பார்த்து ஒரு பொம்பளை பயந்து பின்வாங்குவதை அவர் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தார். அவமானமாக இருந்தது.

"அம்மா, கீறுனது மெஷின் இல்லீங்க. நானேதான். பனியத் தொடைக்கறேன்னு துணியப் போட்டுத் தேச்சிருக்கறேன். நீங்க சொன்னதுதான் சரி." மூச்சுவிடாமல் சொன்னார். "இன்னொரு வீடியோ போடறனுங்க. எல்லா குரூப்புக்கும் அனுப்பறேன். தீபக்கு உங்களக் கூப்பிட்டுக்குவாரு."

லோயிஸ் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"போடுங்க சார். அது எனக்கு வேணும். ஆனா அதுக்கு முந்தி ஒருத்தருகிட்ட நேருல சொல்லுங்க." உள்ளே பார்த்து, "பாப்பா, இங்க வா" என்றாள்.

பதினோரு வயதுப் பெண் வந்து அம்மாவின் பின்னால் பாதி மறைந்து நின்றது.

"இவ கிளாஸ் குரூப்புக்கு வந்துருச்சுங்க சார். இவதான் மொதல்ல பாத்தா. எனக்கே இவ காட்டித்தான் தெரியும்."

நாச்சிமுத்துவுக்குத் தலையில் இடி விழுந்தது. நாலு பேர் வியாபாரம் பேசுகிற குரூப்பில் போட்டது, ஒரு குழந்தை கையில் போய் அதன் தாயின் முகத்தோடு திறந்திருக்கிறது. ஃபோனைப் பார்த்துக் கூசாமல் பேசியவர், இப்போது அந்தக் குழந்தையின் உயரத்துக்குக் குனிந்தார். "பாப்பா, உங்கம்மா மேல ஒரு தப்பும் இல்ல. அவங்க பொய் சொல்லல. நாந்தான் தப்பாப் பேசிட்டேன்" என்றார்.

அந்தப் பெண் அவரையே பார்த்தது. கோபமாகக்கூட இல்லை, ஏதோ யோசிக்கிற பார்வை.

"எங்க கிளாஸ்ல எல்லாரும் பாத்துட்டாங்க அங்கிள். நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க திங்கக்கிழம வந்து சொல்றீங்களா?"

பிள்ளைகள் நிறைந்த வகுப்பறையில், பெஞ்சுகளுக்கு முன்னால், பாத்திரக்கடை நாச்சிமுத்து நின்றுகொண்டு நான்தான் தப்பு என்று சொல்வதா? அதெல்லாம் எதுக்குங்க சார் என்று லோயிஸ் சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்து அவளைப் பார்த்தார். மகளோடு சேர்ந்து அவளும் அவர் பதிலுக்காகத்தான் நின்றாள்.

"வர்றேன் பாப்பா" என்றார் நாச்சிமுத்து. "எத்தன மணிக்கு?"

"ஒம்பது மணிக்கு பிரேயர். அதுக்குள்ள வந்துருங்க."