சிவப்புக் குல்லா

சிக்ஸ்டன் கப்பல் எஞ்சினியராக இருந்து ஆப்பிரிக்கக் கரைகளிலிருந்து கொண்டுவந்தவையெல்லாம் அவன் இறந்த பிறகும் அலமாரியிலேயே கிடந்தன. ஸ்வீடனின் கோத்தன்பர்க் அருங்காட்சியகத்தின் உலகப் பண்பாட்டுப் பிரிவு அவற்றைக் கேட்டபோது, அவன் மனைவி இங்கெயர்ட் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: கண்ணாடிப் பெட்டியில் அவன் பெயர் இருக்க வேண்டும்.

பொருள்களைச் சரிபார்த்த அருங்காட்சியக ஊழியர் ஹில்லவி ஒரு சாண் உயர மரப்பொம்மையை எடுத்தாள். தலையில் சிவப்புக் குல்லா.

"இது யாரு போட்டது?"

"நான் பின்னினது. கிறிஸ்துமஸ் வந்தா இந்தப் பொம்மைதான் எங்க வீட்டைக் காக்கிற குட்டிச்சாத்தான். முன்னாடி அரிசிக் கஞ்சி வைப்போம்."

"உங்க வீட்டுக்காரர் விலைக்கு வாங்கினாரா?"

"ஆமா."

கூட வந்த நாத்தனார் குட்ரூன் சிரித்துவிட்டாள். "வாங்கினானா? அண்ணி, அந்தப் பொம்பளை கதையைச் சொல்லேன்! அங்க ஒரு வீட்டுத் திண்ணையில இருந்துச்சாம், எடுத்துக் கோட்டுக்குள்ள போட்டுக்கிட்டானாம். அவ துறைமுகம் வரைக்கும் கத்திக்கிட்டே பின்னாலயே ஓடியாந்தாளாம். 'என் அழகைப் பாத்து மயங்கிட்டா'ன்னு அண்ணன் இடுப்பை ஆட்டி ஓடிக் காட்டுவான். வயிறு வலிக்கும் எங்களுக்கு!"

ஹில்லவி சிரிக்கவில்லை. பொம்மையை மேசைமேல் மெல்லக் கிடத்தினாள்.

"நைஜீரியாப் பக்கத்து யொருபாக்காரங்க, இரட்டைப் பிள்ளையில ஒண்ணு செத்துட்டா இப்படி ஒண்ணு செதுக்குவாங்க. அம்மா அதைக் குளிப்பாட்டுவா, ஊட்டிவிடுவா. மூக்கும் வாயும் தேஞ்சிருக்கு பாருங்க. ஊட்டி ஊட்டித் தேஞ்சது."

குட்ரூன் கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினாள். "அவனுக்கு இதெல்லாம் எங்க தெரியும், பாவம்."

"இங்க இருக்கிறதுல பாதி இப்படிக் கப்பல்காரங்க அலமாரியிலேருந்து வந்ததுதான்" என்றாள் ஹில்லவி, குரலைத் தாழ்த்தி. "பேரு போடணுமா, வேண்டாமா? நீங்க சொல்றபடி."

ஒவ்வொரு கிறிஸ்துமஸிலும் அவன் ஓடிக் காட்டுவான். இன்னொரு தரம் ஓடு என்று கேட்டது யார்? கஞ்சிக் கரண்டியும் கையுமாக, அவள்தான். இங்கெயர்டுக்குக் காது மடல்வரை எரிந்தது.

"போடு. எடுத்துட்டு வந்தான்னு போடு. அவ பின்னால ஓடி வந்ததையும் போடு."

"அண்ணி! செத்தவன் மானத்தை வாங்குறியே!"

இங்கெயர்ட் பொம்மையைக் கையில் எடுத்தாள். குல்லாவைக் கழற்றினாள். செதுக்கிய கூந்தலின் வரிகளில் சிவப்புக் கம்பளி இழைகள் ஒட்டியிருந்தன. நகத்தால் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கத் தொடங்கினாள். கையுறை இல்லாமல் எதையும் தொடக்கூடாது என்பது அங்கே சட்டம். ஹில்லவி தடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.