பக்கத்து ஆசனத்துக்கு ஓர் ஆள்

ஜமால்தீனின் வலக்கண் பார்வை போனது அவனுக்கும் அவன் மனைவி அசனாவுக்கும் மட்டுமே தெரியும். லொறிச் சில்லு ஒன்றைக் கழற்ற உதவப் போன இடத்தில், சுத்தியல் அடியில் தெறித்த இரும்புத் துகள் கண்ணில் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் துகளை எடுத்தார்கள். பார்வையை மீட்க முடியவில்லை. குறிஞ்சாக்கேணியில் யார் கேட்டாலும், "மருந்து போடுறன், சுகமாகி வருது" என்று கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே சொல்வான்.

ஆஸ்பத்திரியால் வந்த பிறகும் கொஞ்ச நாள் அவன் தன் பழைய ஒஸ்டின் வானை ஓட்டத்தான் செய்தான். ஊர்ப் பெண்கள் கிளினிக்குக்கும் சந்தைக்கும் அதில்தான் போய்வந்தார்கள். ஒருநாள் வலப்பக்க ஒழுங்கையால் வந்த சைக்கிள்காரனை அவன் காணவேயில்லை. சைக்கிள்காரன் வேலிக்குள் பாய்ந்து தப்பினான். ஜமால்தீன் வானை மெல்ல உருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, சாவியை அலுமாரிக்குள் போட்டான்.

"வித்துப்போடுவம், புள்ள" என்றான்.

"என்னத்துக்கு? நான் ஓட்டுறன்."

அவன் சிரித்தான். அசனா சிரிக்கவில்லை. ஒரு பாண் ரொட்டிக்காக ஊரே விடியமுன் வரிசையில் நின்ற எழுபத்து நாலாம் ஆண்டு அது. வீட்டில் ஓடக்கூடிய ஒரு வாகனத்தைச் சும்மா நிறுத்தி வைக்க அவளுக்கு மனமில்லை. அதோடு, நிறைமாதப் பெண்களை ஏற்றிப்போகும்போது அவர்களோடு துணைக்குப் பலமுறை போயிருக்கிறாள். எந்த வளைவில் அவன் கியரை மாற்றுவான், எந்தப் பள்ளத்தில் வேகத்தைக் குறைப்பான் என்பதெல்லாம் பக்கத்தில் இருந்தே அவளுக்குப் பாடமாகிவிட்டது.

"ஊர் கதைக்கும், அசனா."

"கதைக்கட்டும். ஏறுறதுக்கு இவங்கட பொஞ்சாதிமார்தானே வரப்போறாங்க."

மோட்டார் வாகனப் பரிசோதகர் கந்தோரில், ஓட்டிப் பழகுவதற்கான எல் பேர்மிட்டுக்கு அவளுக்கு ஒரு திகதி கொடுத்தார்கள். கண் பார்ப்பார்கள், வீதி ஒழுங்குகள் கேட்பார்கள். தேறினால்தான் 'எல்' பலகை போட்டுப் பழகலாம். ஜமால்தீன் எங்கிருந்தோ ஒரு பழைய வீதி ஒழுங்குப் புத்தகம் கொண்டுவந்தான். அசனா அதிலிருந்த அடையாளங்களைக் குசினிச் சுவரில் கரியால் கீறினாள். மீன் அரியும்போதும் அரிசி கழுவும்போதும் அவன் வாசற்படியில் இருந்தபடி கேள்வி கேட்பான்.

"ஒடுங்கின பாலம். எதிரால பஸ் வருது."

"பஸ்ஸுக்கு இடம் விட்டு இந்தப் பக்கமே நிப்பன்."

"பஸ்காரனும் நிண்டா?"

"அப்ப நான் போவன். இரவு வரைக்கும் ரெண்டுபேரும் பாத்துக்கொண்டு நிக்க ஏலுமா?"

"அப்பிடிப் புத்தகத்தில இல்ல."

"பாலத்தில இருக்கு."

கைச் சைகைகளையும் பழகினாள். கதிரையை ஜன்னலோரம் போட்டு இருந்து, வலக்கையை வெளியே நீட்டுவாள். மேலும் கீழுமாக அசைப்பாள். இடப்பக்கம் திரும்பப்போவதாக வட்டமாகச் சுழற்றுவாள். தெருவால் போன மீன்காரர் ஆதம்பாவா சைக்கிளை நிறுத்தி, "கூப்பிட்டீங்களா தங்கச்சி? சூடை இருக்கு" என்றார். அன்றைக்கு வேண்டாத சூடை மீனை வாங்கவேண்டியதாயிற்று.

குறித்த நாளன்று இருவரும் கிண்ணியாத் துறைக்குப் போனார்கள். வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையை அங்கே பாதை என்பார்கள். காற்று கடுமையாக இருந்தது. பாதை ஆடி ஆடிப் போனது. ஜமால்தீன் வழிநெடுகக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தான்.

"போதும் மச்சான். எனக்குத் தெரியும்" என்றாள் அசனா. "நீங்கதான் பயப்படுறீங்க."

கந்தோரில் பரிசோதகர் பாக்கியரத்தினம் தாளில் இருந்த பெயரைப் பார்க்காமல் ஜமால்தீனைப் பார்த்து, "கண்ணாடியைக் கழட்டிப்போட்டு வாங்கோ" என்றார்.

"எனக்கில்ல சேர். இவக்குத்தான்."

பரிசோதகர் தாளைப் பார்த்தார், பிறகு அசனாவைப் பார்த்தார். "சரி, வாங்கோ பிள்ளை" என்று ஜன்னலடிக்குக் கூட்டிப்போய், தூரத்தில் நின்ற ஜீப்பைக் காட்டினார். அவள் இலக்கத்தகட்டை மளமளவென்று வாசித்தாள். அதற்குப் பின்னால் நின்ற லொறியினதையும் கேட்காமலே வாசித்தாள். பிறகு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் அவர் கேட்டு முடிக்குமுன்னே பதில் வந்தது. கடைசியாக அவர் ஒரு படத்தைத் தூக்கிக் காட்டினார். முக்கோணத்துக்குள் ஏதோ வளைந்த கோடுகள்.

அசனா உற்றுப் பார்த்தாள். "இது தெரியாது சேர்."

"ஒண்டைச் சொல்லிப் பாருங்கோவன்."

"தெரியாததைச் சொல்லிப்போட்டு வீதியில போக ஏலாதே. எங்கட புத்தகத்தில அந்தப் பக்கம் கிழிஞ்சிட்டு."

பரிசோதகர் சிரித்துவிட்டார். "மழைக்கு வழுக்கும் வீதி எண்டு அர்த்தம். இனி மறக்கமாட்டியள்." கையெழுத்துப் போட்டவர், தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "பழகேக்க லைசன்ஸ் உள்ள ஆள் பக்கத்தில இருக்கவேணும். ஆர், நீங்களோ?"

ஜமால்தீன் தன் லைசன்ஸைச் சட்டைப் பையிலேயே கொண்டுவந்திருந்தான். அப்படித்தான் இருவரும் பேசி வைத்திருந்தார்கள். அவன் அதை எடுத்து மேசையில் வைத்தான். பரிசோதகர் திறந்து பார்த்து, "நல்லது" என்று எழுதத் தொடங்கினார்.

"சேர்" என்றான் ஜமால்தீன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். "என்ட வலக்கண் தெரியாது. சுகமாகவும் மாட்டாது."

அந்த வார்த்தையை அவன் வெளியாள் ஒருவரிடம் சொல்லி அசனா கேட்டதில்லை. பரிசோதகர் பேனையைக் கீழே வைத்தார்.

"அப்ப இதை நான் எடுக்கவேணும், தம்பி."

"ஓம் சேர். எடுங்க."

பரிசோதகர் அவனுடைய லைசன்ஸை மேசை இலாச்சிக்குள் வைத்தார். அசனாவின் பேர்மிட்டை அவளிடம் நீட்டினார்.

தெருவுக்கு வந்ததும் அவள் கேட்டாள்: "ஏன் சொன்னீங்க? அவர் கேக்கவே இல்லையே."

"நீ தெரியாதெண்டு எவ்வளவு லேசாச் சொன்னாய். எனக்கும் சொல்லவேணும்போல வந்திட்டு." அவன் கண்ணாடியைப் போடாமல் கையிலேயே வைத்திருந்தான். வெயிலில் கண் கூசி நீர் வடிந்தது, அதைத் துடைக்கவுமில்லை. "இப்ப பக்கத்தில இருக்க ஆளில்ல. உன்ட வேலையைக் கெடுத்துப்போட்டன்."

"கெடவுமில்ல ஒண்டுமில்ல. ஆளைத் தேடுவம்" என்றாள்.

தேட அதிக நேரம் எடுக்கவில்லை. திரும்பும் பாதையில் இரண்டு லொறிகள் ஏறியிருந்தன. பாதை கரையை விட்டதும் அசனா நேரே முன் லொறிக்குப் போனாள். ஈச்சிலம்பற்றுக்கு நெல் மூட்டை ஏற்றப் போகும் லொறி அது; ஓட்டுபவர் காசிநாதர். ஜமால்தீனைத் துறையில் பார்த்துப் பழகியவர்.

"அண்ணன், வெள்ளிக்கிழமையில லொறி ஓடுறீங்களா?"

"இல்லைத் தங்கச்சி. ஏன்?"

அவள் பேர்மிட்டைக் காட்டி விசயத்தைச் சொன்னாள். சுற்றி நின்ற ஆண்கள் கதையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள். காசிநாதர் அவளுக்குப் பின்னால் வந்து நின்ற ஜமால்தீனைப் பார்த்தார்.

"ஏன், நீங்கள் இருக்கேலாதோ?"

"கண் ஒண்டு போயிட்டு அண்ணன்." இரண்டாம் முறை சொல்வது அவனுக்கு அவ்வளவு கடினமாக இருக்கவில்லை.

"வாறன்" என்றார் காசிநாதர். "ஆனா நான் சத்தம்போடுற ஆள்."

"போடுங்க. எனக்குக் காது நல்லாக் கேக்கும்."

வெள்ளிக்கிழமை காலையில் அவர் சொன்னபடியே வந்தார். அசனா முந்தானையை இழுத்துச் செருகி ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்தாள். காசிநாதர் பக்கத்தில் இருந்தார், ஜமால்தீன் பின் ஆசனத்தில். வான் முதலில் இரண்டு தரம் குலுங்கி நின்றது. மூன்றாம் தரம் புறப்பட்டது. "மெதுவா! மெதுவா!" என்று காசிநாதர் சத்தம் போட்டார். வயல்வெளி தாண்டியபோது சத்தம் குறைந்தது. சந்தியில் அவள் கையை நீட்டி வலப்பக்கம் திரும்பியபோது அவரிடமிருந்து சத்தமே இல்லை.

"என்ன, அண்ணனுக்குக் கோபமா?" என்று கேட்டாள், வீதியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஜமால்தீன் முன்னால் எட்டிப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"மனிசன் நித்திரை, புள்ள. எழுப்பவா?"

"எழுப்புங்க, எழுப்புங்க. அவர் முழிச்சிருந்தாத்தான் சட்டம்" என்றாள் அசனா.