உள்ளே வருவதெல்லாம் தடு

திருச்சி பெரிய கடைவீதியில் பக்கத்துக் கடைக்காரரை நம்பவில்லை என்று காட்டிக்கொள்வது, அவரைப் பெயர் சொல்லித் திட்டுவதைவிடப் பெரிய அவமரியாதை. வஹீதா மதியம் லுஹர் தொழ மாடிக்குப் போகும்போது கடை வாசலில் ஒரு நைலான் கயிற்றைக் குறுக்கே கட்டுவாள். "பாத்துக்கங்கண்ணே" என்பாள். அடுத்த கடை நல்லதம்பி தலையாட்டுவார். அவர் சாப்பிடப் போனால் கயிறு அந்தப் பக்கம் மாறும். இருவரும் விற்பது ஒரே சரக்கு, கல்யாணத் தாம்பூலப் பை. வாடிக்கையாளரைக் கையைப் பிடித்து இழுப்பார்களே தவிர, கயிற்றைத் தாண்டி ஒருவர் கடையில் ஒருவர் கைவைத்ததில்லை.

அந்த நம்பிக்கையில்தான், நல்லதம்பியின் பிரிண்டர் மண்டையைப் போட்ட அன்று, வஹீதா தன் கணினியை அவருக்குத் திறந்துவிட்டாள். காம்ப்ளெக்ஸ் முழுவதற்கும் ஒரே வைஃபை. வியாபாரிகள் சங்கச் செயலாளர் என்ற முறையில் நல்லதம்பிதான் ஆள் வைத்துப் போட்டுக்கொடுத்தது. "ஃபோல்டரத் தொறந்து விடும்மா, நானே பிரிண்ட் எடுத்துக்கிறேன்" என்றார். கணினிக்குக் கயிறு கட்ட முடியாது என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

உறைக்க வைத்தவர் ரெங்கராஜ், ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மேனேஜர். தை முகூர்த்தங்கள் அத்தனைக்கும் ஒரே கடையில் பை எடுப்பதாக இருந்தார். அது கிடைத்தால்தான் வஹீதாவிடம் தைக்கும் பெண்களுக்குப் பொங்கல்வரை வேலை.

"நல்லதம்பி ரேட்டு அனுப்பிட்டாரும்மா. பைக்கு மஞ்சள் நாடா ஃப்ரீயாம். உங்களால முடியுமா?" என்று போனில் கேட்டார்.

மஞ்சள் நாடா வஹீதாவின் யோசனை. அன்று காலைதான் டைப் அடித்து அந்த ஃபோல்டரில் வைத்திருந்தாள். யாருக்கும் அனுப்பவில்லை, வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. ஏற்கெனவே இரண்டு ஆர்டர்கள் மயிரிழையில் அவரிடம் போனது எப்படி என்று இப்போது புரிந்தது.

"சார், நான் புதுசா ரேட்டு போடுறேன். அவரையும் போடச் சொல்லுங்க. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க."

"சரி. அதான் கடைசி. அப்புறம் என்னைய இழுக்கக் கூடாது."

போனை வைத்துவிட்டு நேராகக் கணினி முன் உட்கார்ந்தாள். பழைய கணினி. அதில் லினக்ஸ் ஏற்றி ஓட்டிக்கொண்டிருப்பவளும் அவளேதான். ஃபோல்டரை மூடினாள். ஆனால் வைஃபை போட வந்த ஆள் வேறு எந்தெந்த வாசலைத் திறந்து வைத்தானோ, யார் கண்டது. ஒவ்வொன்றாகத் தேடுவதைவிட மொத்தமாக அடைப்பது மேல். அதற்கான தடுப்புச் சுவர், ஃபயர்வால், கணினிக்குள்ளேயே இருந்தது. இத்தனை நாளும் அணைந்தே கிடந்திருக்கிறது. அதை இயக்குவதற்கான சிறு செயலியை இறக்கி நிறுவினாள்.

திறந்ததும் அது ஒரு கேள்வி வைத்தது: இந்த இடம் வீடா, அலுவலகமா, பொது இடமா? பெரிய கடைவீதியில் உட்கார்ந்துகொண்டு வீடு என்று சொல்ல அவளுக்கு என்ன பைத்தியமா? பொது இடம் என்றாள். உள்ளே வருவதெல்லாம் தடு. வெளியே போவதெல்லாம் விடு. பொத்தானைத் தள்ளியதும் திரையில் வெளிறிக் கிடந்த கேடயப் படத்துக்கு நிறம் வந்தது. புதிய ரேட்டை அதற்குப் பிறகுதான் அடித்தாள்.

மறுநாள் கடை திறந்த கையோடு நல்லதம்பி வந்து நின்றார்.

"வஹீதாம்மா, உன் சிஸ்டத்துக்கு என்னாச்சு? தெரியவே மாட்டேங்குது."

"எதுக்குண்ணே தேடுனீங்க?"

"ஒரு பில்லு பிரிண்ட் எடுக்கணும்."

"உங்க கடையில புதுப் பிரிண்டர் ஒரு வாரமா ஓடுற சத்தம் கேக்குதே."

நல்லதம்பி துண்டால் கழுத்தைத் துடைத்தார். "அதுல கலர் சரியா வரல."

"பில்லுக்கு எதுக்குண்ணே கலரு?"

கணினியைக் காட்டி அவளே சொன்னாள்: "ஃபயர்வால் போட்டிருக்கேன்."

"நம்ம காம்ப்ளெக்ஸ்ல எவனும் போடல. ஒத்துமையா இருக்கற எடத்துல இப்படி மறைச்சு மறைச்சு வச்சா நல்லாவா இருக்கு?"

"உங்க ஊரு மணப்பாறை தானே? சந்தையில துண்டுக்குள்ள வெரலப் புடிச்சுத்தானே மாட்டுக்கு வெல பேசுறாங்க. அவங்கள்லாம் ஒத்துமை இல்லாதவங்களா?"

"வைஃபை சங்கத்தோடதும்மா. பாஸ்வேர்ட மாத்திட்டா என்ன பண்ணுவ?"

"இப்பவே மாத்துங்க. என் போன்ல நெட் இருக்கு."

மிரட்டல் படியவில்லை என்றதும் அவர் பேரத்துக்கு இறங்கினார், கடைவீதிக்காரர் அல்லவா. "சரி, ஃபோல்டர் வேணாம். பிரிண்டருக்கு மட்டும் ஒரு வழி விடேன். அது முடியுமாமே."

"முடியும். விட மாட்டேன். பென் டிரைவ்ல கொண்டாங்க, காசில்லாம நானே எடுத்துத் தரேன்."

சாயங்காலம் ரெங்கராஜ் கூப்பிட்டார். "உங்க ரேட்டு வந்துருச்சு. அவரு என்னடான்னா இன்னும் ஒரு நாள் கேக்குறாரு. எனக்கு ஏதும்மா டைம்? நீங்க கொஞ்சம் கொறைச்சா இப்பவே முடிச்சிரலாம்."

முன்பென்றால் குறைத்திருப்பாள். "கொறைக்க முடியாது சார். நாடாவும் ஃப்ரீ இல்ல."

"என்னம்மா இது, பெருமாள் ஊரு மண்டபம்."

"பெருமாளுக்குன்னா சும்மாவே தரேன். மண்டபத்துக்கு இதான் ரேட்டு."

அந்தப் பக்கம் ரெங்கராஜ் சிரித்துவிட்டார். பிறகு, "சரி, தைக்க ஆரம்பிங்க" என்றார்.

அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. வஹீதா கணினியை ஓடவிட்டபடியே எழுந்தாள். வாசலில் கயிற்றை எப்போதும்போல் குறுக்கே கட்டினாள். எதிர்க்கடை வரைக்கும் கேட்கிற குரலில், "பாத்துக்கங்கண்ணே" என்றாள்.

நல்லதம்பி தலையாட்டித்தான் ஆகவேண்டியிருந்தது.