வக்கீலம்மா வீட்டுக்காரருக்கு ஒரு ஆபரேஷன்

திண்டிவனத்தில் ஆரம்பித்து விழுப்புரம் வரைக்கும் எந்த டாக்டரும் தென்னரசுவைத் தொட்டுப் பார்க்கத் தயாராக இல்லை. அவருக்கு ஒட்டுகிற வியாதி எதுவும் கிடையாது. இருந்ததெல்லாம் வலது அடிவயிற்றில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு குடலிறக்கமும், செண்பகம் என்று ஒரு மனைவியும்தான்.

செண்பகம் வக்கீல். அதிலும் டாக்டர்கள் மேல் அலட்சிய வழக்கு நடத்துகிற வக்கீல். கெடார் பக்கத்தில் கூலி வேலைக்குப் போகிற குடும்பத்தில் பிறந்து, சட்டம் படித்து, திண்டிவனத்தில் ஒரு செல்போன் கடை மாடியில் போர்டு மாட்டினார். முதல் வழக்காக அந்த மாடி ஏறி வந்தது ஒரு பல். ஆடுகிற பல்லை விட்டுவிட்டு ஆடாத பல்லைப் பிடுங்கிவிட்டார் ஒரு டாக்டர். கட்சிக்காரர் இரண்டையும் சாட்சியாகக் கொண்டுவந்திருந்தார், ஒன்றைப் பொட்டலத்தில், இன்னொன்றை வாயில். செண்பகம் ஜெயித்தார். அதன்பிறகு வயிற்றுக்குள் மறந்துவிட்ட பஞ்சு வந்தது, ஆள் மாறிப்போன ரத்தம் வந்தது, வலதுக்குப் பதில் இடதில் கத்தி பட்ட முழங்கால் நொண்டிக்கொண்டே வந்தது.

வருகிறவர்களில் பாதிக்கு மேல் திருப்பி அனுப்பிவிடுவார். "டாக்டர் மேல தப்பு இல்லைங்க. எல்லா சாவுக்கும் பழி போட ஆள் கிடைக்காது" என்று நேரடியாகச் சொல்லிவிடுவார். அதனாலேயே அவர் ஒரு வழக்கை எடுத்துவிட்டார் என்ற செய்தி கேட்டால் டாக்டர்களின் வாட்சப் குழுவில் அன்றைக்கு 'குட்மார்னிங்' வராது.

அவர் வேலை செய்கிற விதம் வீட்டிலேயே தெரியும். வழக்கு எந்த உறுப்பைப் பற்றியதோ அந்த உறுப்புக்கான புத்தகத்தை வாங்கி, ஊர் சீரியல் பார்க்கிற நேரத்தில் படிப்பார். பிறகு சாப்பாட்டு நேரத்தில் குறுக்கு விசாரணை ஒத்திகை. டாக்டராக நடிப்பவர் தென்னரசு. அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தும் அவர் கல்யாணம் ஆன நாளாக எலும்பு டாக்டராக, பிரசவ டாக்டராக, மயக்க டாக்டராக எல்லாம் இருந்திருக்கிறார். ஒரு தடவைகூடத் தப்பித்ததில்லை. தோசை ஆறுவதற்குள் தப்பை ஒத்துக்கொண்டுவிடுவார். செஞ்சிக் கோட்டைக்கு அடியில் வீடு கட்டிக்கொண்டவனுக்கு இருக்கிற பிரமிப்புதான் அவருக்கும். கதவைத் திறந்தால் அது நிற்கும். நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும்.

இந்தப் பிரமிப்பு டாக்டர்களுக்கும் இருந்ததுதான் தொல்லையாகிவிட்டது. முதலில் போய்ப் பார்த்த டாக்டர் துணிக்கு மேலேயே எட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒண்ணுமே இல்ல சார்" என்றார். அந்த ஒண்ணுமே இல்லாதது பேண்டை மீறித் தெரிந்துகொண்டிருந்தது. அடுத்தவர், உட்காரச் சொல்வதற்கு முன்பே சென்னைக்குப் போகச் சொன்னார். மூன்றாவது இடத்தில் தென்னரசு, அப்பாதுரை என்று பெயர் மாற்றிக் கொடுத்துப் பார்த்தார். ஆசிரியர்களுக்கு மாறுவேடம் பலிப்பதில்லை. டாக்டர் எழுந்து நின்று, "வணக்கம் சார், நான் உங்ககிட்ட பத்தாவது படிச்சேன். மேடம் சௌக்கியங்களா?" என்று கேட்டார். கேட்ட குரலிலேயே வைத்தியம் முடிந்துவிட்டது.

செண்பகத்திடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், "யாரு பாக்கமாட்டேன்னு சொன்னது? எழுதிக் குடுக்கச் சொல்லுங்க" என்பார். குடலிறக்கம் அப்படியே இருக்கும், மூன்று வழக்கு கூடுதலாகும். தென்னரசு சும்மா இருந்துவிட்டார்.

ஏப்ரலில் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்த விழுப்புரம் போனார். ஒரு கட்டு விடைத்தாளைக் குனிந்து தூக்கினார். உள்ளே இருக்க வேண்டியது வெளியே வந்து, திரும்பிப் போகமாட்டேன் என்றது. வலியில் அவர் மேசைமேல் சாய, பக்கத்தில் திருத்திக்கொண்டிருந்த சீனுவாசன் சார் ஆட்டோவில் ஏற்றிக் கண்ணில் பட்ட முதல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

கட்டிலில் படுத்த பிறகுதான் டாக்டரின் சட்டையில் குத்தியிருந்த பெயரைத் தென்னரசு படித்தார். கோகுலகிருஷ்ணன்.

அந்தப் பெயர் அவருக்கு நன்றாகப் பழக்கம். இரண்டு மாதமாகச் சாப்பாட்டு மேசையில் அவரேதான் டாக்டர் கோகுலகிருஷ்ணன்.

வழக்கு இதுதான். காணையைச் சேர்ந்த விருத்தாசலம் கரும்பு வெட்டுகிறவர். இதே குடலிறக்கத்துக்கு இதே டாக்டரிடம் ஆபரேஷன் செய்துகொண்டார். வீட்டுக்குப் போன பிறகு காய்ச்சலும் வீக்கமுமாக இரண்டு தடவை வந்தார். டாக்டர் பார்க்கவில்லை, மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது தடவை தையல் பிரிந்து சீழ் கொட்டியது. புதுச்சேரிக்குக் கொண்டுபோய், குடல் மறுபடி இறங்காமல் இருக்க உள்ளே வைத்துத் தைத்த வலையையே எடுக்க வேண்டியதாயிற்று. இப்போது அவரால் ஒரு கட்டுக் கரும்பு தூக்க முடியாது. மனைவி பாஞ்சாலி மட்டும் வேலைக்குப் போகிறார். ஜூனில் டாக்டரைச் செண்பகம் குறுக்கு விசாரணை செய்யவேண்டும்.

டாக்டரும் படுத்திருந்தவரை உற்றுப் பார்த்தார். "நீங்க செண்பகம் மேடம் வீட்டுக்காரர்தானே?"

இல்லை என்று சொல்லத்தான் தென்னரசு வாயைத் திறந்தார். வலி "ஆமாங்க" என்றது.

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சார், நான் மாட்டேன்னா அது ஒரு கேஸ். பண்ணா அது ஒரு கேஸ். இதுல எது சின்ன கேஸுன்னு நீங்களே சொல்லுங்க."

"நான் பொழைச்சா கேஸே இல்ல டாக்டர்."

"பொழைப்பீங்க. குடல் மாட்டிக்கினு இருக்கு. புதுச்சேரி அனுப்பறதுக்கெல்லாம் டைம் இல்ல."

"அவங்களுக்குத் தெரிய வேணாம்."

"எனக்கும் அதே வேண்டுதல்தான் சார்."

அதன்பிறகு நடந்த வைத்தியம் அந்த ஆஸ்பத்திரி கண்டதில்லை. படம் போட்டு விளக்கினார். விளக்கியதை வீடியோ எடுத்தார். மயக்கம் கொடுக்க ஒருவர், அவர் சரியாகக் கொடுக்கிறாரா என்று பார்க்க ஒருவர். மறுநாளிலிருந்து டாக்டரே வந்து கட்டைப் பிரித்தார், டாக்டரே மருந்து வைத்தார், டாக்டரே கட்டினார். கையில் தட்டோடு பக்கத்தில் நின்ற நர்ஸ் அருணா, அவர் போனபின் மெதுவாகச் சொன்னார்: "நான் சேர்ந்ததுலருந்து டாக்டர் கட்டு மாத்தி பாத்ததே இல்ல சார். அவருக்கு மாத்தத் தெரியும்னே இன்னிக்குதான் தெரியும்."

தென்னரசுவுக்கு அப்போதுதான் உறைத்தது. எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து, 'அந்தம்மா புருஷனே நம்பிப் படுத்த ஆஸ்பத்திரி இது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தனக்குக் குடல் உள்ளே போனதற்கு விருத்தாசலத்தின் வழக்கு வெளியே போய்விடும். வீட்டுக்குப் போன் செய்து, பேப்பர் நிறைய இருக்கிறது, சீனுவாசன் சார் வீட்டிலேயே தங்கிக்கொள்கிறேன் என்றார். "சரிங்க, உடம்பைப் பாத்துக்குங்க" என்றார் செண்பகம்.

வீடு திரும்பிய பிறகும் ஒத்திகை தொடர்ந்தது. கோகுலகிருஷ்ணனுக்காகத் தென்னரசு முன்பைவிட உருக்கமாக வாதாடினார். செண்பகம் சாம்பார் கரண்டியோடு நிமிர்ந்து பார்த்து, "இன்னிக்கு டாக்டர் நல்லா பேசறாரே" என்றார். அன்றைக்கும் தோசை ஆறுவதற்குள் டாக்டர் தோற்றார்.

விசாரணை நாளன்று காலையில், "பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுட்டு நீங்களும் வாங்க" என்றார் செண்பகம். இதற்குமுன் அவர் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. விழுப்புரம் போகும்வரை பஸ்ஸில் தென்னரசு ஜன்னலையே பார்த்துக்கொண்டு போனார்.

நுகர்வோர் ஆணையத்தின் அறை சின்னது. கூண்டில் கோகுலகிருஷ்ணன், அவருடைய வக்கீல் தேவா முன் நாற்காலியில். கடைசி பெஞ்சில் விருத்தாசலமும் பாஞ்சாலியும். அவர்கள் பக்கத்தில் தென்னரசு, தேர்வு எழுத வந்தவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு.

செண்பகம் குரலை உயர்த்துவதே இல்லை. பக்கத்து வீட்டில் மோர் கேட்கிற குரல்.

"டாக்டர், உங்க கை நல்ல கை. ஆபரேஷன்ல குறையே இல்ல. ஒத்துக்கறேன். விருத்தாசலம் காய்ச்சலோட வந்த ரெண்டு தடவையும் நீங்க ஆஸ்பத்திரியிலதான இருந்தீங்க?"

"தியேட்டர்ல இருந்தேன்."

"வெளிய வந்தப்புறம்?"

"நர்ஸ் பாத்துட்டாங்க. இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் டாக்டரே கட்டைப் பிரிச்சுப் பாக்கணும்னு அவசியம் இல்ல. அதான் எங்க வழக்கம்."

"எல்லாருக்கும் அதே வழக்கமா?"

"எல்லாருக்கும்."

"காய்ச்சலோட வர்றவங்களுக்கும்?"

டாக்டர் தேவாவைப் பார்த்தார். தேவா கண்ணை மூடித் திறந்தார். அவர்கள் வீட்டிலும் ஒத்திகை நடந்திருக்கவேண்டும்.

"மேடம், என் ஆஸ்பத்திரி அவ்ளோ மோசம்னா, ஏப்ரல் மாசம் உங்க வீட்டுக்காரர் ஏன் என்கிட்ட வந்து ஆபரேஷன் பண்ணிக்கினாரு?"

சுவரோரம் தூங்கிக்கொண்டிருந்த ஒரு சீனியர் வக்கீல் விழித்துக்கொண்டார். ஆணையத் தலைவர் பேனாவை வைத்தார். பாஞ்சாலி திரும்பித் தென்னரசுவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இவரும் அவங்க ஆளா என்ற ஒரு கேள்வி மட்டும் இருந்தது. பெஞ்சுக்கு அடியில் நுழைந்துகொள்ளத் தோன்றியது தென்னரசுவுக்கு.

செண்பகம் கையிலிருந்த காகிதத்தைப் பொறுமையாக மேசைமேல் வைத்தார். "டாக்டர் ஒரு நோயாளியோட விஷயத்தை வெளிய சொல்லிட்டாரு. அதுக்கு மேல நான் கேக்கணும்னா அந்த நோயாளி சம்மதிக்கணும். அவர் இங்கதான் இருக்காரு." பிறகு திரும்பினார். "உங்களுக்குச் சம்மதங்களா?"

தென்னரசு எழுந்தார். வலது கை தானாக அடிவயிற்றுக்குப் போயிற்று. கல்யாணத்தன்றுகூட இத்தனை பேருக்கு முன்னால் அவரை யாரும் இதைக் கேட்டதில்லை.

"சம்மதம்."

"அவருக்குக் கட்டு மாத்தினது யாரு டாக்டர்?"

"நான்தான்."

"நர்ஸ் இல்லையா?"

"நான்தான் மாத்தினேன். தினமும்."

"அவருக்குக் காய்ச்சல் இருந்துச்சா?"

"இல்ல."

"வீக்கம்?"

"இல்ல."

"வீட்டுக்குப் போனப்புறம் போன் பண்ணி விசாரிச்சீங்களா?"

"விசாரிச்சேன்."

"ஒண்ணுமே இல்லாதவரைத் தினமும் நீங்களே பாத்தீங்க. காய்ச்சலோட பெஞ்சுல உக்காந்துக்கினு இருந்தவரைப் பாக்கல."

தேவா எழுந்தார். "இது கேள்வியே இல்லைங்க."

"இல்லதான். கேள்வி இனிமேதான். ஒண்ணே ஒண்ணு. டாக்டர், என் வீட்டுக்காரருக்கு நீங்க செஞ்சது தேவையானதா, தேவையில்லாததா?"

தோற்பதில் நெடுநாள் அனுபவம் உள்ள தென்னரசு, பழக்கதோஷத்தில் டாக்டருக்காக வழி தேடினார். தேவையில்லாதது என்றால், பயத்திலோ காசுக்கோ செய்தேன் என்று ஆகும். தேவையானது என்றால், விருத்தாசலத்துக்கு அது ஏன் கிடைக்கவில்லை என்று ஆகும். இரண்டு கதவையும் பூட்டிவிட்டு, சாவியை டாக்டர் கையிலேயே கொடுத்திருந்தார் செண்பகம். அதுவும் டாக்டர் கொண்டுவந்த பூட்டு.

தேவா இருமினார். டாக்டர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கடைசி பெஞ்சைப் பார்த்தார். அநேகமாக அன்றைக்குத்தான் முதன்முதலாக விருத்தாசலத்தின் முகத்தைப் பார்த்திருப்பார்.

"தேவையானதுதான் மேடம்."

"நன்றி டாக்டர்."

செண்பகம் உட்கார்ந்தார். தென்னரசு உட்கார மறந்து நின்றுகொண்டேயிருந்தார். தீர்ப்பு விருத்தாசலத்துக்குச் சாதகமாக எழுத்தில் வர மழைக்காலம் ஆகிவிட்டது. ஆனால் அது எப்படி வரும் என்பது அன்றைக்கு மத்தியானமே வாசலில் டீ விற்பவர் வரைக்கும் தெரிந்துவிட்டது.

வராந்தாவுக்கு வந்ததும் தென்னரசு மெதுவாகக் கேட்டார். "உனக்கு எப்ப தெரியும்?"

"என்னது தெரியும்?"

"கட்டு மாத்தினது, போன் பண்ணது. பதில் தெரியாம நீ கேள்வி கேக்கமாட்ட."

"பேப்பர் திருத்திட்டு வந்த மனுஷன் அடிவயித்தைப் புடிச்சுக்கினு தும்மினா என்னான்னு நினைக்கிறது? அந்தப் புத்தகத்தைத்தான ரெண்டு மாசமா படிச்சுக்கினு இருந்தேன். ராத்திரி நீங்க தூங்கறப்போ தையலைப் பாத்தேன். அழகான தையல். அடுத்த வாரம் போன் வந்துச்சு, நீங்க மாடிக்கு ஓடினீங்க. மாடியில பேசினா சமையல்கட்டுல நல்லா கேக்கும். தினமும் டாக்டரே கட்டு மாத்தினதுக்கு நன்றி சொன்னீங்க."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீங்க சொல்லிடுவீங்க. நீங்க சொல்லிட்டா எனக்குத் தெரிஞ்சிடும். தெரிஞ்சா நான் கேஸை விட்டுட்டு ஒதுங்கியிருக்கணும்." புடவைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "விருத்தாசலம் அப்புறம் யாருகிட்ட போவாரு?"

தென்னரசு கணக்குப் போட்டுப் பார்த்தார். தன்னோடு ஒரே கூரையின்கீழ் ஒருத்தர் இரண்டு மாதமாகத் தெரியாமல் இருப்பதை இவ்வளவு ஒழுங்காகச் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

அப்போது கோகுலகிருஷ்ணன் படியிறங்கி வந்தார். கார் வலதுபக்கம் கதவைத் திறந்துகொண்டு நின்றது. அவர் இடதுபக்கம் நடந்தார். அங்கே புங்கமர நிழலில் விருத்தாசலமும் பாஞ்சாலியும் புளிசோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்திருந்தார்கள்.

"சட்டையைத் தூக்குங்க. பாக்கறேன்" என்றார் டாக்டர்.

தேவா கோட்டு பறக்க ஓடிவந்தார். "டாக்டர், வேணாம் சார். கேஸ் நடந்துக்கினு இருக்கு. எதிர்க்கட்சி பாத்தா தப்பை ஒத்துக்கினதா ஆயிடும். ஜல்தி வந்து வண்டியில ஏறுங்க."

டாக்டர் மண்ணில் குந்தி உட்கார்ந்தார். விருத்தாசலம் சோற்றுக் கையோடு வராந்தாவைப் பார்த்தார். செண்பகம் தலையை அசைத்தார். அசைத்த கையோடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, அங்கே ஒட்டியிருந்த பட்டுப்போன மரங்கள் ஏலம் பற்றிய அறிவிப்பைப் படிக்க ஆரம்பித்தார். அந்த ஏலத்தை அவ்வளவு கவனமாக யாரும் படித்திருக்க முடியாது.

மரத்தடியில் டாக்டரின் விரல்கள் தழும்பின் மேல் மெதுவாக நகர்ந்தன. "இங்க வலிக்குதா? இருமுங்க. இன்னொரு தடவை." பாஞ்சாலி, "குனிஞ்சா அந்தப் பக்கம் சுருக்குனு இழுக்குதாம், ராத்திரியில தூக்கமே இல்லைங்க" என்று ஆரம்பித்து, நாள் கணக்கில் சேர்த்து வைத்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். டாக்டர் குறுக்கே பேசவில்லை. தேவா காருக்கும் மரத்துக்கும் நடுவில் வெயிலில் நின்றார்.

"அங்க என்னாங்க நடக்குது?" என்று ஏல அறிவிப்பைப் பார்த்தபடியே கேட்டார் செண்பகம்.

"தெரியல" என்றார் தென்னரசு, மரத்தடியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் பாக்கல."